வலப்பக்கம் சாய்ந்த தலை

போன சனிக்கிழமை மூக்குக்கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேசனுக்குக் கிட்ட உள்ள கடை. நடத்துபவர் எங்கள் ஆள். புதுப் பிரேமை என் மூக்கில் ஏற்றிவிட்டு, கண்மணிக்கு நேரே கண்ணாடியில் புள்ளி வைப்பதற்காகப் பேனையை எடுத்தார்.

"தங்கச்சி, தலையை நேராப் பிடியுங்கோ."

பிடித்தேன்.

"இல்லை, திரும்பவும் சரியுது. வலப்பக்கம்."

மூன்றாவது தடவை அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். "கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. ஒண்டு ரெண்டாத் தெரியிறதோ? படி இறங்கேக்கை? வாசிக்கேக்கை?"

"இல்லை அண்ணை."

"வீட்டை போய்ப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கோ. சின்னனிலயே சரிஞ்சிருந்தா ஒண்டுமில்லை. இடையில வந்ததெண்டா டொக்டரிட்டைக் காட்ட வேணும்."

நானும் ஒரு டொக்டர்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விகள் எனக்கு வரிசையாகத் தெரியும். அவற்றை உன்னிடம் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

உன் அப்பாவின் பெயரும் என் அப்பாவின் பெயரும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுத்தடுத்து வந்தன. மருத்துவக் கல்லூரியில் நம் நட்பு அப்படித்தான் தொடங்கியது. ஆய்வுகூட மேசை, வார்டுக் குழு, லொக்கர் எல்லாவற்றிலும் முதலில் நீ, பிறகு நான். விரிவுரையாளர்கள் என்னை உன் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். உன்னை என் பெயரால் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

விம்பிள்டனில் உங்கள் வீட்டில் இரண்டு டொக்டர்கள். சாப்பாட்டு மேசையில் சிறுநீரகத்தைப் பற்றிக் கதைத்து வளர்ந்தவள் நீ. பெரிய டொக்டர்களிடம் சித்தப்பாவிடம் கதைப்பதுபோலக் கதைப்பாய். எங்கள் வீட்டில் அப்பா பெற்றோல் செட்டில் வேலை, அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று கேட்கக்கூட எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை. வார்டில் ஒரு கேள்வியை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்து நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வியை அதற்குள் நீ கேட்டு முடித்திருப்பாய்.

எனக்கென்று இருந்தது ஒன்றுதான், தமிழ். உங்கள் வீட்டில் ஆங்கிலம். மூன்றாம் வருடம் நாம் போன வைத்தியசாலையில் தமிழ் நோயாளிகள் நிறைய. நரம்புப் பரிசோதனைக்கு வேண்டிய வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாய். சின்ன அட்டைகளில் எழுதித் தந்தேன். "தலையை ஆட்டாமல் கண்ணால மட்டும் என்ர விரலைப் பாருங்கோ." கண் அசைவைப் பார்ப்பதற்கு இந்த ஒரு வசனம் போதும்.

அட்டையில் இருந்த 'தலை' உன் வாயில் 'தாலி' ஆனது. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் போய், மிகவும் பணிவாக, "தாலியை ஆட்டாமல் பாருங்கோ" என்றாய். அந்த மனுசி தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் ஏன் பிள்ளை தாலியை ஆட்டப்போறன்? அந்த மனுசன் போட்ட நாள் துவக்கம் ஆடாமத்தானே கிடக்கு!" என்றார். பக்கத்துக் கட்டில் சிரித்தது. நேர்ஸ் விளங்காமலே சிரித்தாள். நீதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தாய். அதன் பிறகு அந்த அம்மா உன்னைத் தவிர வேறு எவரையும் கிட்ட விடவில்லை. அட்டையை எழுதிய நான் பிழையில்லாத தமிழில் நலம் விசாரித்தபோது கேட்டார்: "நீர் நேர்ஸோ?"

உன்னைக் காட்டித்தான் அவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளையைப் பாரும். தலையைச் சரிச்சுச் சரிச்சு எவ்வளவு வடிவாக் கேக்குது. டொக்டர் வீட்டுப் பிள்ளை எண்டு ஒரு பெருமை இல்லை."

உண்மைதான். நீ கேட்கும்போது தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கும், நாடி நெஞ்சுப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். நாங்கள் 'ஓம்' என்பதற்குத் தலையைச் சரிப்போமே, அந்தச் சாய்வு பாதியில் நின்றதுபோல. தமிழ் நோயாளிகள் அதை அடக்கம் என்றார்கள். எங்கள் மேற்பார்வையாளர், எப்படிக் கேட்பது என்பதற்கு உன்னை உதாரணம் காட்டினார். முதல் இரண்டு வருடமும் உன்னிடம் அந்தச் சாய்வு இருக்கவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். உன் சப்பாத்து, உன் பேனை, நீ கை உயர்த்தும் விதம் எல்லாவற்றையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவள் நான். தமிழ் ஆட்களைப் பிடிப்பதற்காக நீ புதிதாகப் பழகிக்கொண்ட பாவனை என்று நினைத்தேன். எரிச்சல் வந்தது. தமிழைத்தான் கேட்டு வாங்கினாய், தலையாட்டலையுமா என்று இருந்தது.

பிறகு நானும் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். வலப்பக்கம், நாடி கொஞ்சம் கீழே.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொன்றும் தொடங்கியது. பாதாள ரயில் படிகளில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாய். ஏறும்போது பிடிப்பதில்லை. கூட்டத்துக்கு நடுவில் என்னை உன் தோழியாகப் பார்க்கிறார்களா, உன் பையைத் தூக்க வந்தவளாகப் பார்க்கிறார்களா என்று யோசித்தபடி இறங்குவேன். ஏன் இறங்கும்போது மட்டும் என்று நான் யோசிக்கவில்லை.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம். செய்முறைப் பரீட்சைக்கு முன் ஒருவரை ஒருவர் பரிசோதித்துப் பழக, ஆளில்லாத வகுப்பறை ஒன்றைப் பிடித்தோம். மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகள். முதலாவது மணம்: நான் வீட்டிலிருந்து கறித்தூள் கொண்டுவந்திருந்தேன். நீ கண்ணை மூடி முகர்ந்து, "உங்கட வீடு" என்றாய். பாராட்டா, பகிடியா என்று தெரியாமல் அன்று முழுக்க மனதில் வைத்திருந்தேன். இரண்டாவது பார்வை: முழங்கால்கள் முட்டும் தூரத்தில் எதிரெதிரே இருந்து ஆளுக்கு ஒரு கண்ணைப் பொத்தி, சிவப்புத் தலை ஊசியை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு ஊசி தெரியும் நேரத்தில் உனக்கும் தெரிய வேண்டும். பரிசோதிப்பவரின் கண்தான் அளவுகோல். மூன்று வருடமாக ஊசி இல்லாமலே நான் இதைச் செய்துகொண்டிருந்தேன், உன்னை என்னோடு வைத்துப் பார்ப்பதை.

பிறகு கண் அசைவு. "தாலியை ஆட்டாமல்" என்று நீ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். உன் தலையை நானே இரண்டு கையாலும் நேராக நிமிர்த்தி வைத்தேன். விரலை இடம், வலம், மேல், கீழ் என்று நகர்த்தினேன். உன் வலப்பக்கம் கொண்டுபோய்க் கீழே இறக்கியபோது உன் வலக்கண் வந்தது. இடக்கண் முழுதாக வரவில்லை. பாதியில் நின்றது. இன்னொரு தடவை இறக்கினேன். திரும்பவும் நின்றது. நாலாவது நரம்பு. பன்னிரண்டிலும் மெல்லியது, ஒரேயொரு தசைக்கு மட்டும் போவது. அது பழுதானால் கீழே பார்க்கும்போது எல்லாம் இரண்டாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கத் தலை தானாக மற்றப்பக்கம் சாயும். முதல் நாள் இரவுதான் இதைப் படித்திருந்தேன்.

"என்ன?" என்றாய்.

"ஒண்டுமில்லை. நோர்மல்."

என் பார்வைதான் பிழை என்று நினைத்தேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. நீயும் நானும் வேறுபட்டால் சரி உன் பக்கம் என்று பழகிப்போயிருந்தது. ஆனால் அது பாதிதான். உன் கண் பாதியில் நின்ற கணத்தில் எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. உன்னிடமும் ஒரு குறை இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சந்தோசத்தில் வெட்கப்பட்டு, வெட்கத்தில் வாயை மூடி, பத்தொன்பது நாள் அதைக் கன்னத்தில் ஒதுக்கிய இனிப்பைப்போல வைத்திருந்தேன்.

இருபதாவது நாள் நீ படியில் தவறி விழுந்தாய். அன்று நான் பக்கத்தில் இல்லை. புருவத்தில் தையல் போட்டவர் உன் கண்ணைப் பார்த்துவிட்டு ஸ்கானுக்கு அனுப்பினார். மூளைத்தண்டின் பின்னால் கட்டி.

பத்தொன்பது நாளில் எதுவும் மாறியிருக்காது என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொன்னார். அந்தக் கட்டியைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்துவிட்டேன். அவர் சொன்னது சரி. ஆனாலும் வார்டுக்கு வெளியே வரிசை நாற்காலியில் உன் அம்மா, என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கும் டொக்டர் அம்மா, என் கையைப் பிடித்து அன்று தமிழில் சொன்னார்: "என்ர பிள்ளையில ஆரோ ஒராளின்ர கண் பட்டிட்டுது." கண் ஒளியை உள்ளே வாங்கும், வெளியே எதையும் அனுப்பாது என்று நாங்கள் படித்திருக்கிறோம். அவர் எனக்கு முன்பே படித்தவர். என் கையை அவர் விடவில்லை, நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் இருக்க ஏலவில்லை. இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு மத்தியானம் சொன்னேன். ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தாய். அன்று நீ தமிழில்தான் கேட்டாய், என் அட்டைகளில் கற்ற தமிழில்.

"நீ பாத்தனியோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"என்ர பிழை எண்டு நினைச்சன்."

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "பொய். சந்தோசப்பட்டனி."

நான் கட்டில் விரிப்பின் மடிப்பை நீவினேன்.

"அப்ப முதல்ல கண்டுபிடிச்சது நீ. இந்தப் பெரிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை." முகத்தைச் சுளித்தாய். "கட்டி எனக்கு, மார்க்ஸ் உனக்கோ?"

சிரித்தாய் என்றுதான் உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்கத்தான் செய்தாய். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி உன் கண்ணில் வேறொன்று இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடமாகக் கண்ணாடியில் பார்த்து வந்தது. நீ என்மேல் பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு கேட்க நீ இல்லை.

நாங்கள் பட்டம் பெற்ற நாளில் உன் பெயரையும் வாசித்தார்கள். உன் பட்டத்தை வாங்க உன் அம்மா மேடைக்கு வந்தார். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அது ஓயவில்லை. ஓயாமலே அடுத்த பெயரை வாசித்தார்கள். அடுத்த பெயர் என்னுடையது. நான் நடந்தேன், சான்றிதழை வாங்கினேன், இறங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதற்காக அப்பா ஷிப்ட் மாற்றி, கோட் வாங்கி வந்திருந்தார். வெளியே வந்ததும் என் காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்: "பிள்ளை, உன்ர பேரைச் சொன்னவங்களோ? எனக்குக் கேக்கேல்லை."

"சொன்னவை அப்பா."

உன் அம்மா அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். எல்லோரும் உனக்காக என்று நினைத்தார்கள். இறந்துபோன உன்மேல் எனக்கு அன்று வந்த பொறாமை, நீ இருந்த காலத்தில்கூட வந்ததில்லை. இதை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

கண்ணாடிக் கடையிலிருந்து வந்த அன்றே படங்களை எடுத்துப் பார்த்தேன். முதலாம் வருடம், லொக்கருக்கு முன்னால் இருவரும் நேராக நிற்கிறோம். மூன்றாம் வருடம் மார்கழியில் உன் தலை சாய்ந்திருக்கிறது, என்னுடையது நேர். பெப்ரவரியில் இரண்டு தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. பார்ப்பவர்கள் சகோதரிகள் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு வரும் படங்களில் சாய்ந்திருப்பது நான் மட்டும். அம்மா அப்பாவோடு பட்டமளிப்பு உடுப்பில் நிற்கும் படத்திலும்கூட.

கண்ணாடிக்கு முன் நின்று, ஒரு கையால் நாடியைப் பிடித்து, என்னை நானே பரிசோதித்தேன். விரலை இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கீழே இறக்கினேன். இரண்டு கண்ணும் முழுதாக இறங்கின. விரல் ஒன்றாகத்தான் தெரிந்தது.

இன்று புதுக் கண்ணாடியை எடுக்கப் போனேன். அவர் மறக்கவில்லை.

"படம் பாத்தனீங்களோ தங்கச்சி? பழசு தானே?"

"ஓம் அண்ணை" என்றேன். சொல்லும்போதே தலை வலப்பக்கம் போய்விட்டது.

அவர் பெரிதாகச் சிரித்தார். "அட, இது ஓம் சொல்லுற தலை! நான் வேற என்னவோ எண்டு பயந்திட்டன்."

உன்னைப் பார்த்து நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழை. நான் அவரைத் திருத்தவில்லை. உன்னிடமிருந்து எடுத்ததில் என்னிடம் தங்கியது இந்தச் சாய்வு மட்டும்தான். அது உன்னுடையது என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.