விளக்கில்லாத வீடும் கருந்துளையும்

நானாட்டான்,
12.06.2011

அன்புள்ள புவனேசுவரி,

கேதீச்சரத்தான் அருளால் நான் சுகம். மண்டபம் முகாமில் உமக்கும் மகளுக்கும் சுகந்தானே? எழுத இருப்பவை: 1. வீடு 2. கருந்துளை 3. நீர் இப்போது வரத் தேவையில்லை என்பது.

மீள்குடியேறியவர்களைப் பதிய வந்தவர்கள் பொழுதுபட எங்கள் வாசலைக் கடந்து போய்விட்டார்கள். எண்ணெயை மிச்சம்பிடிக்க நான் இருட்டில் இருந்தேன். பக்கத்துவீட்டு இரத்தினம் ஓடிவந்து, "மாஸ்டர், லாம்பைக் கொளுத்துங்கோ! ஆளில்லாத வீடெண்டு பதிஞ்சுபோட்டினம்!" என்று சிரித்தார். பதிவுக் கந்தோருக்குப் போய்ப் பதிவைத் திருத்திவிட்டேன், யோசிக்க வேண்டாம்.

மறுநாள் வகுப்பில் இதையே உதாரணமாகச் சொன்னேன். சில விண்மீன் திரள்களின் நடு மிகவும் மங்கலாகத் தெரியும். அங்கேயும் பெரிய கருந்துளை இருக்கிறது. அதற்குள் விழ வாயு போதாததால்தான் வெளிச்சம் குறைவு. மங்கல் என்பதால் ஒன்றுமில்லை என்று எண்ணக்கூடாது. சரியாகத்தான் விளங்கப்படுத்தினேனோ தெரியாது.

லாம்புத் திரிக்கு உமது பழைய நூற்சேலை ஒன்று அனுப்பும். கிழிக்காமல் முழுதாக அனுப்பும்.

மூன்றாவது, கிணறு இன்னும் இறைத்துத் துப்புரவாக்கவில்லை, அவசரமில்லை, ஆறுதலாக வரலாம்.

முருங்கன் பஸ் வருகிறது, இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். மூன்றாவதாக எழுதியது பிழை. வாரும்.

உமது
கதிரவேலு