கிளட்ச் உங்களுக்கு, கியர் எனக்கு

இல்லை சம்மந்தி, இன்றைக்கும் அதே தீய்ந்த வாசனைதான். குக்கர் வாஷரை நெருப்பில் போட்டது போல ஒரு நாற்றம். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தியும் மூக்கை விட்டுப் போகவில்லை. புடவைத் தலைப்பில்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால், "கிளட்ச வறுத்து எடுத்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பீர்கள். ஆமாம், வறுத்துத்தான் எடுத்தேன். விழுப்புரம் மேம்பாலத்து ஏற்றத்தில், போகிற வருகிற ஜனமெல்லாம் பார்க்க.

பாலத்தில் பாதி ஏறியிருந்தேன். முன்னால் போன டவுன் பஸ் நின்றது, நானும் நின்றேன். பஸ் நகர்ந்தது, நான் நகரவில்லை. கிளட்சை விட்டால் வண்டி குலுங்கி அணைந்துபோகிறது. விடாமல் மிதித்திருந்தால் பின்னால் உருள்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால்தான் ஆக்சிலேட்டரை மிதிக்க முடியும், எடுத்தாலோ மறுபடியும் உருள்கிறது. மூன்று மிதியை வைத்துவிட்டு இரண்டே கால்களைக் கொடுத்தது என்ன நியாயம் என்று, இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கடவுளைக் கேள்வி கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை ஒழியவில்லை.

பின்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "யம்மா, ஹேண்ட் பிரேக்க போட்டுக்கினு ஹாஃப் கிளட்ச்ல எடும்மா. என் மேல வந்து குந்திக்காத."

பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர். அவர் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "நான் வேணா எறங்கித் தள்ளட்டுமா?" என்றார்.

"ஏத்தத்துல எப்பிடிங்க தள்ளுவீங்க?"

"அப்ப எறங்கி நடக்கட்டுமா?"

நிஜமாகவே இறங்கிப் போனார். ஓரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நான் முருகா முருகா என்று அலறிக்கொண்டு, என்ஜினை உறுமவிட்டு மேலே ஏறினேன். நின்றால் மறுபடியும் அணைந்துவிடும் என்று நிற்கவே இல்லை. அந்த மனிதர் கல்லைக் கையில் தூக்கிக்கொண்டு பாலம் முழுக்க நடந்தே வந்தார். கீழே வந்து ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "இந்தப் பேஜாரு உனக்குத் தேவையா? சம்மந்தி இருந்தாங்க, சரி. இப்ப யாருக்காக?"

எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை, உங்கள் மேல். எனக்குக் கை தெரியும், கால் தெரியாது. அது யாரால் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மகன் செந்திலும் உங்கள் பெண் ரேவதியும் துபாய் புறப்பட்டபோது இந்த வண்டியை எங்கள் வீட்டு ஷெட்டில் விட்டார்கள். "சும்மா நின்னா கெட்டுப் போயிடும். ரெண்டு வீட்டுக்கும் பொதுவா வெச்சிக்கினு ஓட்டுங்க" என்றான் செந்தில். திண்டிவனத்தில் உங்கள் அரிசி மண்டி லோடு வேனை ஓட்டிப் பழகி, இரண்டு வீட்டிலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நீங்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடது தோள்பட்டை இறுகிப் போயிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படி ஆகும், தானாக விடும், ஆனால் நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டியரிங் பிடிக்க வலது கை இருந்தது. மிதிக்கக் கால் இருந்தது. கியரைத் தள்ளப் போனால்தான் "ஐயோ" என்றீர்கள்.

அன்றைக்கு நான் டாஷ்போர்டில் ஒட்ட முருகன் படத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "சம்மந்தி, நான் கிளட்ச மிதிக்கிறேன், நீங்க அந்தத் தடிய முன்னால தள்ளுங்க" என்றீர்கள். தடி கையோடு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே தள்ளினேன். வண்டி நகர்ந்தது. படம் மடியிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்வதற்குள், "ரெண்டு, ரெண்டு, ஜல்தி" என்று கத்தினீர்கள்.

பதற்றத்தில் எனக்கு எண் நிற்கவில்லை. இரண்டு என்றால் நான்கைப் போட்டேன். அதனால்தான் சாமி பெயர் வைத்தேன். ஒன்றாவது பிள்ளையார், எதற்கும் முதலில் அவர். இரண்டாவது முருகன். மூன்றாவது அம்மன். நான்காவது பெருமாள். ஐந்தாவது ஆஞ்சநேயர், பறக்கிறவர் அவர்தானே. ரிவர்ஸுக்கு யார் என்று நீங்கள் கேட்டபோது சனீஸ்வரன் என்றேன். "நியூட்ரலு?" என்றீர்கள். "நடை சாத்திட்டாங்கன்னு அர்த்தம்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் வண்டி அணைந்துபோனது.

அதன் பிறகு மாதம் தவறாமல் கிருத்திகைக்கு மயிலம் போனோம். நீங்கள் காலையில் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் வருவீர்கள். காபி குடித்துவிட்டு வண்டியை எடுப்போம். மயிலம் போய்த் தரிசனம் செய்து, அப்படியே உங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுபடியும் விழுப்புரம் வந்து வண்டியை ஷெட்டில் விடுவோம். நீங்கள் பஸ் ஏறித் திண்டிவனம் போவீர்கள். உங்கள் சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதுதான் காரணம். "கார் வெச்சிக்கினு இருக்கிறவங்க ஏன் பஸ்ஸுல போறாங்க?" என்று எங்கள் பக்கத்து வீட்டில் கேட்காத நாள் இல்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசை ஞாபகம் இருக்கிறதா? பிள்ளையார், நடை சாத்து, பிள்ளையார், நடை சாத்து என்று என் மணிக்கட்டு கழன்றுபோகும். ஒருமுறை அங்கே நின்றிருந்த ஆள் குனிந்து பார்த்தார். உங்கள் கை ஸ்டியரிங்கில், என் கை கியரில். "யாரும்மா வண்டி ஓட்டறது?" என்றார். "ரெண்டு பேருந்தாம்பா. அதுக்கு டபுள் சார்ஜ் போட்டுடாத" என்றீர்கள்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. காலையில் முருகன் விழமாட்டார். நான் இரண்டு கையாலும் இழுப்பேன், அது பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போடும். "தள்ளாதீங்க சம்மந்தி, இழுக்காதீங்க. வழிய காட்டி வுடுங்க, அதுவா போவும்" என்பீர்கள். விரல் நுனியால் தொட்டால் போதும், ஒரு மூச்சு பொறுத்துத் தானாகப் போய் விழும்.

கல்யாணத்தின்போது நாம் எப்படி இருந்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பந்தியில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்பளம் வரவில்லை என்று நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன். தாம்பாளத்தில் புடவை மட்டம் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். இந்த வண்டியில் அதெல்லாம் செல்லவில்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் பெருமாளிலேயே போய் ஸ்பீடு பிரேக்கரில் மோதிவிடும். சண்டை நடுவில்கூட, "எங்க பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு நீங்க எப்பிடிச் சொல்லலாம், அம்மன் போடுங்க" என்றுதான் பேசியாக வேண்டும்.

எத்தனை முறை உங்களிடம் கேட்டேன்? "நானும் அந்தப் பக்கம் குந்திக் கத்துக்கிறேனே சம்மந்தி" என்பேன். "இப்ப நாம ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி. கத்துக் குடுக்க வண்டியில ஒரு முழு ஆளாவது வேணாமா? என் கை சரியாவட்டும்" என்பீர்கள். நியாயமாகத்தான் பட்டது. உங்கள் கைக்காக வைத்தீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளியில் கை செய்து போடுவதாகக் காசு முடிந்து வைத்திருந்தேன்.

கை சரியாகிவிட்டது என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஆடி மாதம் ஒரு காலையில் ரேவதியின் அப்பா எழுப்ப, நீங்கள் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது வண்டி ஷெட்டில் நின்றது. நாங்கள் பஸ்ஸில் வந்தோம். மயிலம் ரோடு பிரிகிற கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் வலது கை மடியில் அசைந்தது.

அதற்குப் பிறகுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நான் மிதிக்க மறந்தால் அவர் மிதித்துவிடுவார். எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். லைசென்ஸும் கிடைத்தது. நம் வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் கால் இன்னொருவருடையது என்று.

கையாவது உதவும் என்றால், அதுவும் இல்லை. நான் பழகியது வலது கை. இப்போது கியர் இடது பக்கம். அம்மனைப் போட வேண்டிய நேரத்தில் வலது கை தானாக இறங்கி, கதவில் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிறது. கண்ணாடி இறங்குகிறது, வண்டி இரண்டிலேயே கத்திக்கொண்டு போகிறது. பிள்ளையார் முன்பெல்லாம் என் பக்கம் இருந்தார். இப்போது என்னை விட்டு விலகி அந்தப் பக்கம் இருக்கிறார். என் பக்கம் இழுத்துத் தள்ளினால் அம்மன் விழுந்து வண்டி அணைகிறது. ஒன்றும் தெரியாதவள் என்றால்கூடச் சீக்கிரம் கற்றுக்கொண்டிருப்பேன் சம்மந்தி. தெரிந்ததுதான் தடுக்கிறது.

வீட்டுக்காரரைக் கியர் போடச் சொல்லிப் பார்த்தேன். "முருகன்" என்றால் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

செந்தில் போனில் ஒரே பிடியாக இருக்கிறான். "வயசான காலத்துல எதுக்கும்மா? வித்துடலாம். நாங்க வரும்போது ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாம், அதுல கிளட்சும் கெடையாது, கியர் மாத்தற வேலையும் கெடையாது."

"அப்ப பக்கத்துல குந்தறவங்களுக்கு இன்னாடா வேலை?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வண்டியைப் பார்க்க ஓர் ஆளையும் சொல்லிவிட்டான். உங்கள் முதல் வருடத் திதி முடிந்த மறுநாள் வருகிறாராம். நான் அழுததைக் கேட்டுக் கடைசியில் இறங்கி வந்தான். "சரி, திதிக்குத் திண்டிவனம் நீயே ஓட்டிக்கினு போய், ஓட்டிக்கினு திரும்பி வந்துடு. விக்கலை."

நாளைக்குத் திதி. இன்று பாலத்தில் நடந்தது ஒத்திகை. அந்த லட்சணத்தைப் பார்த்த பிறகும் போகத்தான் போகிறேன். விடிந்ததும் கிளம்பினால் பாலத்தில் கூட்டம் இருக்காது. அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துப் பின் சீட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். "கல்லுக்குமா பூசை?" என்கிறார் வீட்டுக்காரர். நம்மைப் பின்னால் போகாமல் பிடிக்கிறது, அது சாமி இல்லாமல் வேறென்ன? சாயங்காலம் ஷெட்டில் தனியாக உட்கார்ந்து, என்ஜினைக் கிளப்பாமல், வலது கையைத் தொடைக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு, இடது கையால் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வழியைக் காட்டி விட்டேன். முருகன் ஒருமுறை தானாகப் போய் விழுந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

நாளைய பயணத்துக்காக டாஷ்போர்டைத் துடைத்தபோது ஒரு குங்குமப் பொட்டலம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இருக்கிற சின்ன அம்மன் கோயில் குங்குமம். போன வருஷம் மாசி மாதம் போனோமே, அன்று கொடுத்தது. இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அங்கே மணி உயரத்தில் தொங்கியது. உங்கள் வலது கையில் தேங்காய் பழத் தட்டு. நீங்கள் எம்பி, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, கணீரென்று அடித்தீர்கள். "இடது கையால மணி அடிக்கக் கூடாதுங்க சம்மந்தி, தோஷம்" என்று கடிந்துகொண்டேன். சட்டென்று கையை இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டீர்கள். வண்டியில் வந்து உட்கார்ந்து, தோளைத் தடவிக்கொண்டு, "பிள்ளையாரப் போடுங்க சம்மந்தி" என்றீர்கள்.