ஓரத்தில் இருபத்து நாலு ஏ

மார்ச் 3, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நேற்று எங்கள் புகைப்படச் சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். எழுந்தான் என்றே எழுதுகிறேன், என் நோட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் இருட்டறையைக் கலைத்துவிட்டுக் கணினி அறை போட வேண்டுமாம். பதினாறாம் தேதி ஞாயிறு ஓட்டெடுப்பு.

"ஒரு ஃபிலிம் ரோல் விலைக்கு இப்போ ஒரு ஜோடி செருப்பே வாங்கலாம் அண்ணே. செருப்பாவது ரெண்டு வருஷம் உழைக்கும்" என்று என் காலைப் பார்த்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று வருடமாக ஃபிலிம் பிரிவில் முதல் பரிசு அவனுக்குத்தான். "இந்த விலையிலயும் விடாம எடுக்கிற நானே சொல்றேன், போதும்" என்கிறான். என்ன தியாகம்!

மார்ச் 4

விலை ஏறியது பொய்யில்லை. நானே எட்டு மாதமாக ஒரு ரோல்கூட வாங்கவில்லை. ஃப்ரிஜ்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் கடைசி ஒன்று இருக்கிறது. ஆனால் இன்னும் பிரிண்ட் போடாத நெகட்டிவ் இரண்டு பெட்டி நிறைய. அந்த இருட்டறை போனால் எனக்கு வேறு இடமில்லை. குளியலறையைக் கேட்டு வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை முடிந்தது.

மார்ச் 8, சனி

சங்கச் சுவரில் அவனுடைய மூன்று பரிசுப் படங்கள். 'அசல் ஃபிலிம்' என்று காட்ட, படத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறான். ஓரத்தில் ஃபிலிமின் வரிசை எண்: 24ஏ. அடுத்த படத்தில்? 24ஏ. மூன்றாவதிலும்.

மூன்று வருடம், மூன்று ரோல், ஒரே எண்ணிலா பரிசு விழும்?

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில், கறுப்புக்குள் எலிப்பல் போல ஒரு துருத்தல். அது என்னுடையது! பொதுத் தொட்டியில் கழுவும்போது அடுத்தவர் நெகட்டிவோடு கலந்துவிடக் கூடாதென்று என் கேமராவின் உள்சட்டத்தில் நானே அரத்தால் தேய்த்த வெட்டு. நான் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் விழும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், "ஸ்கேன் பண்ணிப் பழகணும், ஒரு நெகட்டிவ் துண்டு குடுங்கண்ணே" என்று வாங்கிப்போனான். துண்டைத் திருப்பிக் கொடுத்தான். ஓரத்தை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டான். டிஜிட்டலில் எடுத்து, என் ஓரத்தை மாட்டி — பரிசு வேறு! ச்சே, என்ன ஜென்மம்டா நீ?

மார்ச் 11

உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்ப நாலு பக்கக் கடிதம் எழுதினேன். மனைவி படித்தாள்.

"என்னங்க, மூணரைப் பக்கம் அவர் உங்களுக்கு நாலாவது இடம் குடுத்த கதைதான் இருக்கு. இருட்டறை எங்க?"

"கடைசிப் பாராவுல."

"அதுவரைக்கும் யாரு முழிச்சிட்டு இருப்பா?"

முன்பொரு தடவை நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து என் பாலத்துப் படத்தை அவன் நாலாவதாகத் தள்ளியதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். 24ஏ-வில் யார் தெரியுமா? அவனேதான். அதே இருட்டறை வாசலில், சட்டையெல்லாம் நனைந்து, கையில் ஈர ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஓரத்தை எடுத்த அவசரத்தில் நடுவில் இருந்த தன் முகத்தையே மறந்திருக்கிறான்.

சாயங்காலம் சங்கத்துக்குப் போய், அந்த இருட்டறையிலேயே, எண்ணும் வெட்டும் தெரியும்படி ஓரத்தோடு பிரிண்ட் போட்டேன். நல்ல படம். நான் எடுத்ததாச்சே.

இரண்டு பிரதி. ஒன்று அவன் வீட்டு விலாசத்துக்கு. ஒரு வரிகூட எழுதவில்லை. சனிக்கிழமை கைக்குப் போய்விடும். ஞாயிறு என்ன பேசுகிறான் பார்க்கலாம். இன்னொன்று என் பையில் இருக்கும். பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போவேன்.

உறையை ஒட்டியாயிற்று. "அனுப்புநர் பேர் போடலையா?" என்றாள் மனைவி.

வேண்டாம். காலையில் இப்படியே தபாலில் போட்டுவிடுகிறேன்.