மாதிரி வகுப்பும் வேப்பிலையும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வெள்ளிக்கிழமை திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு. ஏழாம் வகுப்பு. தலைப்பு அவர்களே கொடுத்தது: ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ். வேலை கிடைத்தால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். குழந்தைக்கு அனுமதி இல்லை. யாழினிக்கு ஒன்றேகால் வயது. இன்னும் பால்குடி.

நாத்தனார் செல்வி வேப்பிலை அரைத்து வந்தாள். "தடவிக்கோ அண்ணி. மூணு நாள்ல மறந்துடும். அப்பறம் எங்கூடவே வூட்ல கெடக்கும், நீ கவலப்படாம போய்ட்டு வா."

ஜூன் 10, செவ்வாய்

தடவினேன். வாய் வைத்தாள். முகம் சுளித்தாள். கொஞ்ச நேரம் அழவே இல்லை, என்னையே பார்த்தாள். பிறகு அழுதாள்.

பாடக்குறிப்பு:
– The cow eats the grass. The grass is eaten by the cow.
– செய்தது யார் என்று தெரியாவிட்டால் by வேண்டாம்.
– sleep, go, cry: மாற்ற முடியாது. செயப்படுபொருள் இல்லை. பிள்ளைகள் இங்கேதான் தப்பு செய்வார்கள்.

அவர் திருப்பூரிலிருந்து போன். "மொதல்ல வேலை கெடைக்கட்டும்."

ஜூன் 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. மார்பு கல்லாக இருக்கிறது, காய்ச்சல் வேறு. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னாள் செல்வி. எங்கள் மலையில் மல்லிகைக்கு எங்கே போவது?

யாழினி இன்று கேட்கவே இல்லை. செல்வி கையால் கேழ்வரகுக் கூழ் குடித்தாள். "பாத்தியா அண்ணி, இன்னா சமத்து!"

சந்தோஷப்பட வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

புதூர்நாட்டிலிருந்து முதல் பஸ். வகுப்பு நன்றாகத்தான் போனது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பலகையில் எழுதினாள்: I was woken up by my mother. பிழையே இல்லை.

அப்போது வெளியே ஆயாவின் கைக்குழந்தை அழுதது. அவ்வளவுதான். ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது.

"மிஸ், தண்ணி கொட்டிக்கிச்சா?"

பின் பெஞ்சில் சிரிப்பு. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியை நல்ல மாதிரி. மெதுவாகத்தான் கேட்டார்: "கொழந்த ரொம்பச் சின்னதாம்மா? அடுத்த வருஷம் வாங்களேன்."

பஸ்ஸில் ஒரே நினைப்பு. போனதும் கழுவிவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதுவாவது.

மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினேன். மடியில் போட்டேன். முகர்ந்து பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். செல்வி பக்கம் கையை நீட்டினாள்.

"தூக்கிக்கோ" என்றேன்.