வெள்ளைச் சாரிக்கு ஒரு சவர்க்காரம்

1974 ஜூன் 2, ஞாயிறு

இன்றும் சவர்க்காரம் கிடைக்கவில்லை. என் முறை வருவதற்குள் கூட்டுறவுக் கடையைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என் ஒரே வெள்ளைச் சாரியைச் சாம்பல் தண்ணீரில் அலசினேன். இருந்த வெள்ளையும் போய் மஞ்சளடித்துவிட்டது. ஜூலை 15ஆம் திகதி கண்டியில் நேர்முகப் பரீட்சை. டீச்சர் வேலை கேட்டு இந்தக் கோலத்திலா போய் நிற்பது?

நான் வேலைக்குப் போவதே மாமிக்குப் பிடிக்காது. "இந்த வீட்டுப் பொம்புளைங்க உத்தியோகத்துக்குப் போன பழக்கம் இல்ல, றஸ்மியா" என்று இன்றும் ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி களையப் போனேன்.

ஜூன் 4

பத்திரிகையில் மாதர் பக்கத்தில் சவர்க்காரம் செய்யும் முறை! தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர் — இவ்வளவுதானா? என் கணவர் பலாபத்வலையில் பத்திக் துணிக்குச் சாயம் போடும் இடத்தில் வேலை செய்வது நல்லதாய்ப் போயிற்று. அங்கே காஸ்டிக் சோடா இருக்கிறதாம். "மொதலாளிக்கிட்ட கேட்டுக் கொண்டாறேன். ஆனா பொல்லாத சாமான், கைய சுட்டுக்காதீங்க" என்றார்.

ஜூன் 7

கெட்டது. எல்லாம் கெட்டது.

வீட்டிலிருந்தது காறல் எண்ணெய். நாற்றம் போகட்டுமென்று பல்வலிக்கு வைத்திருந்த கராம்பெண்ணெயையும் ஊற்றித் தொலைத்தேன். கராம்பு விளைகிற மாத்தளை ஊர்க்காரிக்கு எதற்கெடுத்தாலும் அதுதானே! கிண்டக் கிண்டவே கல்லாய் இறுகிவிட்டது. அகப்பையை இழுத்தால் சட்டியும் கூட வருகிறது. நிறமோ கருப்பட்டி நிறம்.

மாமி மோந்து பார்த்தார். "சவுக்காரமா புள்ள இது, புரியாணியா?" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் சிரித்து அல்ல. இனி நேர்முகத்துக்குப் போகவே மாட்டேனோ என்று பயமாயிருக்கிறது.

ஜூன் 8

காலையில் அடுப்படியில் ஒரு போத்தல். மாமி தலைக்குக் காய்ச்சவென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்த நல்ல தேங்காய் எண்ணெய்! கேட்டால், "மஞ்சச் சாரியோட நீ போய் நின்டா, மருமகள கவனிக்கலன்னு என்னத்தானே பேசுவாங்க" என்கிறார். அன்பா, வீம்பா? எதுவானால் என்ன, எண்ணெய் வந்தது. மிச்சமிருந்த கராம்பெண்ணெய்ப் போத்தலை மாமி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஜூன் 10

மறுபடி செய்து சிரட்டைகளில் ஊற்றியது இறுகிவிட்டது. வெள்ளை வெளேரென்று! ஒரு மாதம் காய வேண்டுமாம். அதற்கு முன் பாவித்தால் கை எரியும்.

ஜூன் 23

நான் தூங்குகிறேன் என்று நினைத்து, மாமி சவர்க்காரக் கட்டிகளைப் புரட்டிப் புரட்டி வைக்கிறார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஜூலை 13

நுரை! என் கையால் செய்த நுரை! சாரிக் கரையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் நிற்கிறது. கொசுவத்துக்குள் மறைத்துவிடலாம்.

ஜூலை 15

போய் வந்தேன். சாரியை யாரும் பார்க்கவே இல்லை. கணக்குத்தான் கேட்டார்கள். சொன்னேன்.

செப்டெம்பர் 4

பள்ளிக்கூடம் விட்டு வந்து உடுப்பு மாற்றினேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கழுவ எடுக்கப் போனால், சாரியைக் காணோம். கிணற்றடியில் மாமி அதற்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"குடுங்க மாமி, நான் கழுவுறேன்."

தரவில்லை. பக்கத்து வீட்டுக் கமலாட்சிக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"நீங்க போய் நாளைக்குப் பாடத்தப் பாருங்க, டீச்சர்."