ஓடிய எலிகளின் கணக்கு

8 மே 2006, திங்கள்
எலி மூளையின் முகர்வுப் பகுதியைக் கூழாகக் கரைத்து, நியூரான்களின் உட்கருக்களுக்கு நிறம் ஏற்றி, குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, அதில் எத்தனை என்று எண்ணிப் பெருக்குகிறேன். இன்றும் அதே முடிவுதான்: சக்கரத்தில் ஓடிய எலிகளுக்கு நியூரான் அதிகம், சும்மா கிடந்தவற்றுக்குக் குறைவு. முடிவைச் சாவோ பாவுலோ மாநாட்டுக்கு அனுப்பியாயிற்று.

இதை அம்மாவிடம் போன வாரம் சொல்லித் தொலைத்தேன். அப்பா போனதிலிருந்து வாசலைத் தாண்டாதவள், இன்று ஃபிளமெங்கோ கடற்கரையில் ஓடிவிட்டு வந்து நிற்கிறாள்! "எலியால முடியுது, என்னால முடியாதா?"

10 மே
முட்டி வலி என்று புலம்பல். ஆனாலும் ஓடினாள். சோறு இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

12 மே, வெள்ளி
பக்கத்து மைக்ராஸ்கோப் வாண்டர்லேக்கு வாய் சும்மா இருக்காது.

"ஜுசாரா, ஓடின எலிய எப்ப எண்ணுவ?"

"காலையில, குழாயக் குலுக்கின கையோட."

"மத்தத?"

"அதையும் அப்பவே குலுக்கி வெச்சிடுவேன். சாப்பிட்டு வந்து எண்ணுவேன்."

"ஃபெய்ஜோவாடாவ ஒரு பிடி பிடிச்சுட்டு வந்து, மறுபடி குலுக்குவியா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. பீன்ஸும் பன்றிக்கறியும் நான் தின்று முடிப்பதற்குள் உட்கருக்கள் அடியில் போய்ப் படிந்திருக்கும். நான் எடுத்ததோ மேல்சொட்டு — அப்படியானால்? இத்தனை நாள் என் சாப்பாட்டு நேரத்தையா அளந்துகொண்டிருந்தேன்? ஐயோ, மானம் போச்சே!

"விடு. கேன்டீன் சமையல்காரி உனக்குச் சாப்பாடு போட்டா எலிக்கு மூளை கொறையும்னு கண்டுபிடிச்சிருக்க" என்கிறான். கொன்றுவிடுவேன்.

16 மே
வாண்டர்லே குழாய்களில் பெயரை மறைத்துத் தந்தான். ஒவ்வொரு சொட்டுக்கும் முன் குலுக்கினேன். ஓடியதும் ஒன்றுதான், கிடந்ததும் ஒன்றுதான்.

பேராசிரியை சுலெய்காவிடம் நானே போய்ச் சொன்னேன். மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்கச் சொன்னார். "அங்க மேடையில யாராவது கேட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். கழிவறையில் போய் அழுதேன்.

அதைவிடப் பயம் வேறு. அம்மாவிடம் சொன்னால் மறுபடி வீட்டுக்குள் முடங்கிவிடுவாளே. சொல்லாமல் விட்டால் என்ன? ... எப்படி விடுவது?

17 மே
சொல்லிவிட்டேன்.

"ஓடினா மூளை வளராதா?"

"தெரியலம்மா. நான் எண்ணினது தப்பு."

அம்மா சாவியை எடுத்தாள். "வீட்டுல இருந்தா உங்கப்பா நாற்காலியவே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அங்க போனா நாலு பேரு, கடலு. எலி கெடக்குது, விடுடி."

ஜன்னலில் நின்று பார்த்தேன். ஓட்டம் ஓட்டம் என்று அவள் பீற்றிக்கொள்வது வெறும் வேக நடை. அதை நான் திருத்தப் போவதில்லை.