வலக்கைக்காரனுக்குச் செய்த துவக்கு

இன்று முகாமில் புதுத் துவக்குப் பெட்டிகளைத் திறந்தோம். அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் உன்னை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை, மச்சான். கோபம்தான் வந்தது. தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டுவிசை துவக்கின் இரண்டு பக்கமும் இருக்கிறது. சுட்ட ரவையின் கோது முகத்துக்கு வராமல் தடுக்க ஒரு தகடும் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஏற்றபடி செய்தது என்று அதிகாரி பெருமையடித்தார். எல்லாருக்குமாம்! நீ போய்ச் சேர்ந்த பிறகு.

டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் ஒரே தெருவில் வளர்ந்து, ஒன்றாகவே ராணுவத்தில் சேர்ந்தோம். நீ பிறவி இடக்கைக்காரன். உன் அம்மா அகப்பைக் காம்பால் தட்டித் தட்டி உன்னைச் சோற்றுக்கு மட்டும் வலக்கைக்காரனாக்கினார். முகாமிலாவது இடக்கை தப்பும் என்று நம்பினாய். அங்கே தந்த துவக்கோ வலக்கைக்காரனுக்கென்றே செய்தது. இடத்தோளில் வைத்துச் சுட்டால் கொதிக்கிற கோது உன் சட்டைக் கழுத்துக்குள் விழும். பூட்டுவிசையை எட்டுவதென்றால் பிடியையே விடவேண்டும்.

முறையிட்டாய். துவக்கில் பிழையில்லை, கையை மாற்று என்றான் சார்ஜன்ட். கழுத்தில் கொப்புளத்தோடு என் கட்டிலில் வந்திருந்து சிரித்தாய்.

"மச்சான், இவன் டேனிஷிலை என்ரை அம்மா மாதிரியே கதைக்கிறான்ரா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலக்கையால் சுட்டுப் பார்த்தாய். குறி தப்பியது. சுடத் தெரியாதவன் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடக்கையால் சுட்டால் எங்கள் அணியிலேயே உன்னை மிஞ்ச ஆளில்லை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், பழி மட்டும் ஆடினவன் தலையில். மடையர்கள். வாழ்க்கையில் நீ ஆசைப்பட்டுக் கேட்டது அந்தப் பச்சை ராணுவச் சட்டை ஒன்றைத்தான்.

பிறகு சில்க்போர்க்கில் பஸ் ஓட்டினாய். போன தையில் உன் இதயம் நின்றுவிட்டது. பெட்டிக்குள் உன்னைக் கோட்டும் டையுமாகக் கிடத்தி, கழுத்தில் இருந்த அந்தச் சூட்டுத் தழும்பைப் பவுடர் பூசி மறைத்திருந்தார்கள். நான் கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான்.

இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால், என் மகள் இடக்கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். என் அம்மா அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

"அந்தக் கையை விடுங்கோ அம்மா!"

நான் கத்திய கத்தலில் அம்மா மிரண்டுபோனார். "என்னடா, உனக்கென்ன பிடிச்சது?"

மகள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, எந்தக் கை அப்பா என்று டேனிஷில் கேட்டாள்.

"உனக்கு எது வருதோ, அது."

உனக்கு இதைச் சொல்ல ஓராள்கூட இருக்கவில்லையே, மச்சான்.